குடுவையிலிருந்து கொப்பரைக்கு

ஐப்பசி மழை வருவதற்குள் குறுவையை அறுத்துக் களம் சேர்ப்பது காவிரிப் பாசனத்து உழவருக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனை. பல ஆண்டுகளில் மழை முந்திக்கொள்கிறது. அப்போது அறுத்த நெல்லில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஏற்கும் அளவோ 17 விழுக்காடு. நெல்லை அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்திருந்தால், இரண்டு மூன்று நாளில் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டவர் சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொள்வார். மேலும் விட்டுவைத்தால் நெல் முளைக்கும், அரிசி பழுப்பேறும், மக்கல் வாடை அடிக்கும். அதே நெல்லை, அதே ஈரத்தோடு, தார்ச்சாலையில் நான்கு விரற்கடைக்கு மேல் போகாமல் பரப்பி அவ்வப்போது காலால் துழாவி விட்டால் சூடு ஏறுவதில்லை.

நெல் ஒன்றே, ஈரமும் ஒன்றே. வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஈரநெல் உயிருள்ளது, அது சுவாசிக்கிறது. அதன்மேல் வளரும் பூஞ்சைகளும் சுவாசிக்கின்றன. இச்சுவாசத்தில் சிறிது சிறிதாக வெப்பம் பிறக்கிறது. ஒவ்வொரு மணியிலும் பிறப்பதால், மொத்த வெப்பம் குவியலின் பருமனைப் பொறுத்தது. அது வெளியேறும் வழியோ குவியலின் மேற்பரப்பு ஒன்றுதான். பரப்பினால் மேற்பரப்பு மிகுதி, குவித்தால் குறைவு. 1967-ல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டதற்கு இந்த ஈரநெல் தொல்லைதான் முக்கியக் காரணம். அம்மையம் பின்னர் தஞ்சாவூருக்கு வந்து, பல பெயர் மாறி, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்குகிறது.

பருமனுக்கும் மேற்பரப்புக்கும் இடையே உள்ள இந்தப் பூசல் வேதியியல் ஆலைகளிலும் உண்டு. நெல் கெட்டால் நட்டம் ஓர் உழவருக்கு. மருந்து ஆலையிலோ மருந்தின் விலை, கழிவின் அளவு, அங்கே வேலை செய்பவரின் உயிர் ஆகிய மூன்றுமே இந்தப் பூசலோடு பிணைந்துள்ளன. அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கண்டுபிடிப்பது வேறு, செய்வது வேறு

புதிய மருந்து ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தியைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். அந்த மருந்தை டன் கணக்கில் எப்படிச் செய்வது என்று கண்டுபிடித்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இது சற்று அநீதிதான்.

முட்டுவலிக்கும் பல்வலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் விழுங்கும் இபுபுரோஃபெனை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்துப் பூட்ஸ் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்ற மருந்தியலாரும் ஜான் நிக்கல்சன் என்ற வேதியியலாரும் 1961-ல் இதைக் கண்டறிந்தனர். 1969-ல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குத் தேவைப்பட்டது சில கிராம். அதற்குக் கையடக்கமான ஒரு கண்ணாடிக் குடுவை போதும். இன்று உலகம் விழுங்குவது ஆண்டுக்குப் பல்லாயிரம் டன். அதில் கணிசமான பங்கு இந்தியாவில் செய்யப்படுகிறது. நமக்கு அருகிலேயே, சிதம்பரம், கடலூர் தாண்டி வடக்கே போனால், புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் பல ஆண்டுகளாக இபுபுரோஃபென் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்த ஆலை ஒன்று உண்டு.

செய்முறையில் இந்தியர் கைதேர்ந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1970-ல் இயற்றப்பட்டு 1972-ல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. ஆகவே வேறொரு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவர் அதைத் தாராளமாக விற்கலாம். 2005-ல் இந்நிலை மாறும்வரை, ஏறத்தாழ 33 ஆண்டுகள் நம் வேதியியலார் ‘வேறு வழி’ தேடிப் பழகினார்கள். வேறு வழி பெரும்பாலும் மலிவான வழியாகவும் இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் குடுவையில் வெற்றி பெற்ற வழி பெரிய கலனில் அப்படியே பலிப்பதில்லை. அதற்குக் காரணத்தைச் சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லிட்டரும் ஆயிரம் லிட்டரும்

எளிமைக்காகக் கலன்கள் கனசதுர வடிவம் என்று கொள்வோம். 1 லிட்டர் கலனின் பக்கம் 10 செ.மீ. அதற்கு ஆறு முகங்கள். மேற்பரப்பு 600 சதுர செ.மீ. 1,000 லிட்டர் கலனின் பக்கம் 1 மீட்டர்; மேற்பரப்பு 60,000 சதுர செ.மீ. பருமன் ஆயிரம் மடங்கு பெருகியது; மேற்பரப்போ நூறு மடங்குதான். சிறு கலனில் ஒவ்வொரு லிட்டருக்கும் 600 சதுர செ.மீ. குளிரும் பரப்பு கிடைத்தது. பெருங்கலனில் 60 மட்டுமே. 8,000 லிட்டர் கலனானால் 30. குடுவையில் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்தது, கொப்பரையில் ஒரு மணியானாலும் குளிராமல் இருப்பது இதனால்தான். வீட்டில் ஒரு டம்ளர் பாலும் கல்யாண வீட்டில் ஓர் அண்டாப் பாலும் ஆறும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு இது புதிதன்று.

பால் வெறுமனே ஆறுகிறது. வினைக்கலனில் உள்ள கலவையோ ஆறும்போதே வெப்பத்தைப் பிறப்பித்துக்கொண்டும் இருக்கிறது. மருந்து தயாரிப்பில் பல வினைகள் வெப்ப உமிழ்வினைகள். வேதிவினைக்கு ஒரு குணம் உண்டு: பல வினைகளில் வெப்பநிலை 10 பாகை ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. வேகம் இரட்டித்தால் பிறக்கும் வெப்பமும் இரட்டிக்கும். வெளியேறும் வெப்பமோ, நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. (செப்புக் கலோரிமானியில் வெந்நீரை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு நிமிடம் வெப்பநிலை குறிக்கும் மாணவர்கள், ‘இதனால் என்ன பயன், சார்?’ என்று கேட்பதுண்டு. பயன் இதோ.)

கலனைச் சுற்றியுள்ள உறையில் 20 பாகைக் குளிர்நீர் ஓடுகிறது; உள்ளே கலவை 40 பாகையில் இருக்கிறது; பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாக உள்ளன என்று கொள்வோம். ஏதோ காரணத்தால் கலவை 50 பாகையாகிறது. வேறுபாடு 20-லிருந்து 30 ஆகிறது. வெளியேற்றம் ஒன்றரை மடங்கு. பிறப்போ 2 மடங்கு. 60 பாகையில் வெளியேற்றம் 2 மடங்கு, பிறப்பு 4 மடங்கு. 70 பாகையில் வெளியேற்றம் இரண்டரை மடங்கு, பிறப்பு 8 மடங்கு. ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகு எத்தனை குளிர்நீர் விட்டாலும் துரத்திப் பிடிக்க முடியாது. கரைப்பான் கொதித்து ஆவியாகும், அழுத்தம் ஏறும், கலன் வெடிக்கும். வெப்பவெடிப்பு எனப்படும் இதன் கணிதத்தை 1928-ல் வகுத்தவர் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் செமியோனோவ். அவருக்கு 1956-ல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. வேதிவினைகளின் இயக்கம் பற்றிய ஆராய்ச்சிக்காக, ஹின்ஷெல்வுட்டுடன் பகிர்ந்து பெற்றார்.

2007 டிசம்பர் 19-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் நடந்தது இதற்கு உதாரணம். அங்கே செய்தது மருந்தன்று. பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருள். 1 லிட்டர் கண்ணாடிக் கலனில் சோதித்த வினையை 9,000 லிட்டருக்கும் மேல் கொள்ளும் கலனில் செய்துவந்தார்கள். 174 முறை நடந்தது. 175-ஆம் முறை குளிர்நீர் வரவில்லை. மாற்று ஏற்பாடும் இல்லை. வெடிப்பில் 4 பேர் இறந்தனர். சோதனைக் கலனில் அந்தக் கூடுதல் வெப்பம் சத்தமில்லாமல் வெளியேறியிருக்கும். பெரிய கலனில்தான் அது தன் முகத்தைக் காட்டியது.

நம் நாட்டிலும் மருந்து ஆலை விபத்துகள் குறைவல்ல. 2023 நவம்பரில் காலாப்பட்டு ஆலையில் நேர்ந்த தீவிபத்தில் தொழிலாளர்கள் காயமடைந்தனர். 2024 ஆகஸ்ட் 21-ல் ஆந்திராவின் அச்சுதாபுரத்தில் மருந்து ஆலை ஒன்றில் கரைப்பான் கசிந்து, அதன் ஆவி தீப்பற்றி வெடித்ததில் 17 பேர் இறந்தனர். இவ்விபத்துகளின் காரணங்கள் வெவ்வேறு. எல்லாம் வெப்பவெடிப்பு அல்ல. எனினும், பெரிய கலன்களும் ஏராளமான கரைப்பானும் ஓரிடத்தில் இருக்கும்போது, சிறு பிழையும் பெரிய பிழையாகிவிடுகிறது.

ஒற்றைக்கால் முக்காலி

ஆலைகள் வெப்பத்தை எப்படிச் சமாளித்துவந்தன? முதல் வழி, மெதுவாகச் செய்வது. இரு பொருள்களையும் ஒருமிக்கக் கொட்டாமல், ஒன்றைக் கலனில் வைத்து மற்றதைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் விடுவார்கள். இரண்டாவது வழி, கரைப்பானை ஏராளமாகச் சேர்ப்பது. கரைப்பான் வினையில் பங்கு கொள்வதில்லை. வெப்பத்தை வாங்கிவைத்துக்கொள்ளும் தாங்கியாக நிற்கிறது. பிறகு அதைக் காய்ச்சி வடித்துப் பிரிக்க வேண்டும். மூன்றாவது, ஒரு மனிதரைக் காவல் வைப்பது.

நைட்ரோகிளிசரின் வெடிமருந்தாக மட்டுமன்றி, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது. இதை ஆலை அளவில் செய்த ஆல்ஃபிரட் நோபெலுக்கே முதுமையில் மருத்துவர்கள் இதை எழுதித் தந்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்தின் ஆர்டியர் என்ற ஊரில் இருந்த நோபெலின் ஆலையில், வினைக்கலனின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒருவரின் வேலை. வெப்பநிலை வரம்பு மீறினால் கலவை முழுவதையும் கீழேயுள்ள நீர்த்தொட்டியில் திறந்துவிட வேண்டும். அவர் உட்கார்ந்த முக்காலிக்கு ஒரு கால்தான். கண் அயர்ந்தால் விழுந்துவிடுவார், விழுந்தால் விழித்துக்கொள்வார். அந்தக் காலத்துத் தானியங்கிப் பாதுகாப்புக் கருவி அது!

கருவிகள் இன்று வெகுவாகத் திருந்திவிட்டன. ஆனால் அடிப்படை முறை மாறவில்லை. ஒரு தடவை சரக்குப் போட்டு, வினை முடித்து, இறக்கி, கழுவி, அடுத்த தடவை போடுவது. ஆலைக்காரர்கள் இதை ‘பேட்ச்’ என்கிறார்கள். நம் வீட்டில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: இட்லியை ஈடு ஈடாகத்தான் எடுக்கிறோம். ஆகவே இதை ஈட்டு முறை என்போம்.

ஈட்டு முறையின் மெதுவுக்கு இன்னொரு விலையும் உண்டு. கலவை நெடுநேரம் சூட்டில் கிடக்கும்போது, செய்த மருந்தே மேற்கொண்டு வினைப்பட்டு வேறு பொருளாகிறது. கலக்கிக்கு எட்டாத மூலைகளில் சூடு கூடி அங்கே வேண்டாத வினைகள் நடக்கின்றன. மாசு கலந்த மருந்தைத் தூய்மையாக்க மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்க வேண்டும். மறுபடி கரைப்பான் வேண்டும்.

கண்டுமுதல் எவ்வளவு?

100 கிலோ நெல்லை அரைத்தால் 67 அல்லது 68 கிலோ அரிசி கிடைக்க வேண்டும் என்பது அரசாங்கக் கணக்கு. மருந்து ஆலைக்கு இப்படிக் கணக்குப் பார்த்தால் திடுக்கிட நேரும். ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலார் 1992-ல், ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு என்று தொழில்வாரியாகக் கணக்கிட்டார். பெருமளவில் செய்யும் அடிப்படை வேதிப்பொருள்களுக்கு அது 5-க்கு உள்ளேதான். மருந்துகளுக்கோ 25-லிருந்து 100 வரை. சிலவற்றுக்கு அதற்கும் மேல். ஒரு கிலோ மருந்துக்கு நூறு கிலோ கழிவு! அதில் பெரும்பகுதி கரைப்பான். உப்பனாற்றங்கரையில் கடலூர் சிப்காட் ஆலைகளை ஒட்டி வாழ்வோர் காற்றின் நெடியையும் கிணற்று நீரையும் பற்றி ஆண்டுக்கணக்காக முறையிட்டுவருவதை, இக்கணக்கைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். மருந்தும் சாயமும் பூச்சிக்கொல்லியும் வேறு வேறு சரக்குகள். ஆனால் கலன்களும் கரைப்பான்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கழிவைக் குறைக்க வினையின் வழியையே மாற்றலாம். இதற்கு இபுபுரோஃபென் பாடநூல் எடுத்துக்காட்டாகிவிட்டது. பூட்ஸ் நிறுவனத்தின் முதல் வழியில் 6 படிகள். அந்த 6 படிகளிலும் உள்ளே போகும் பொருள்களின் மூலக்கூறு எடைகளைக் கூட்டினால் 514.5 வருகிறது. கிடைக்கும் இபுபுரோஃபெனின் மூலக்கூறு எடை 206. அதாவது ஒரு துளியும் சிந்தாமல் செய்தாலும் 100-க்கு 40 தான் கண்டுமுதல், 60 கழிவு. இதிலும் முதற்படியில் சேர்க்கும் அலுமினியம் குளோரைடு கணக்கில் வரவில்லை. அது வினையூக்கி என்று பெயர் பெற்றாலும் அளவில் ஏராளமாக வேண்டியிருந்தது. முடிவில் அலுமினியச் சகதியாக வெளியேறியது.

புதிய வழியை பூட்ஸ், ஹெக்ஸ்ட் செலனீஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கின. 1992-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பிஷப் என்ற ஊரில் ஆலை தொடங்கியது. இதில் 3 படிகளே. மாணவர்கள் காகிதத்தில் கூட்டிப் பார்க்கலாம். தொடக்கப் பொருளான ஐசோபியூட்டைல் பென்சீனின் மூலக்கூறு எடை 134. அதனுடன் 102 எடையுள்ள அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்கிறது. 60 எடையுள்ள அசெட்டிக் அமிலம் பிரிகிறது. மிச்சம் 176. அடுத்து ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்று, எடை 2, சேர்கிறது: 178. மூன்றாவதாகக் கார்பன் மோனாக்சைடு, எடை 28, நுழைகிறது: 206. அவ்வளவுதான்; இபுபுரோஃபென் வந்துவிட்டது. உள்ளே போனது மொத்தம் 266. கண்டுமுதல் 100-க்கு 77. பிரிந்த அசெட்டிக் அமிலமும் வீணன்று. தவிட்டை எண்ணெய் ஆலைக்கு விற்பதுபோல அதையும் எடுத்து விற்றால், கண்டுமுதல் 99-ஐ எட்டுகிறது. முதற்படிக்கு வினையூக்கியாகவும் கரைப்பானாகவும் ஹைட்ரஜன் ஃபுளோரைடே நிற்கிறது. அதைப் பிரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இரண்டாம் படிக்கு நிக்கல், மூன்றாம் படிக்குப் பல்லேடியம். இம்முறைக்கு 1997-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

விருது தகுதியானதே. ஆனாலும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு எலும்பு வரை அரிக்கும் கொடிய பொருள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாத நஞ்சு. கழிவு குறைந்தது என்பதால் ஆபத்தும் குறைந்தது என்று பொருளாகாது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். விளம்பரங்களில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அம்பாரத்தைப் பரப்புதல்

ஆபத்தைக் குறைக்கும் வழி, நெல்லைச் சாலையில் பரப்பிய உழவருக்குத் தெரிந்த அதே வழிதான். கலவையை மெல்லியதாக்க வேண்டும். பெருங்கலனுக்குப் பதிலாக நீண்ட, நுண்ணிய குழாய். ஒரு முனையில் இரு நீர்மங்களும் இரண்டு பம்புகளிலிருந்து வந்து கூடுகின்றன. குழாய் வழியே ஓடும்போதே வினை நடக்கிறது. மறுமுனையில் சரக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இதற்குத் தொடரோட்ட முறை என்று பெயர். ஈட்டு முறை குளத்தில் தேக்கிவைப்பது போன்றது. இது வாய்க்காலில் ஓடவிடுவது போன்றது.

இதில் ஓர் அழகான மாற்றம் நிகழ்கிறது. கலனில் ‘எத்தனை நிமிடம் ஆயிற்று’ என்று கேட்கிறோம். குழாயில் அதே கேள்வி ‘எத்தனை மீட்டர் கடந்தது’ என்று ஆகிவிடுகிறது. காலம் தூரமாகிறது. முதல் மீட்டரைப் பனிநீரிலும், அடுத்த மீட்டரைக் கொதிநீரிலும் மூழ்கவைத்தால், ஒவ்வொரு துளியும் சரியாக அத்தனை விநாடி குளிர்ந்து, அத்தனை விநாடி சூடேறும். எந்தத் துளியும் நெடுநேரம் சூட்டில் கிடந்து கெடுவதில்லை.

அளவுகளைப் பார்ப்போம். குழாயின் உள்விட்டம் 1 மி.மீ., நீளம் 10 மீட்டர் என்க. அதன் கொள்ளளவு 8 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மேசைக்கரண்டி கூட இல்லை. ஆனால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் குளிரும் பரப்பு 40,000 சதுர செ.மீ.; நம் 1,000 லிட்டர் கலனில் அது வெறும் 60 என்பதை நினைவு கொள்க. நிமிடத்துக்கு 4 மில்லிலிட்டர் வீதம் செலுத்தினால், ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ 2 நிமிடம் குழாயில் இருக்கும். ஒரு நாளைக்கு 5.76 லிட்டர் ஓடும். லிட்டருக்கு 200 கிராம் சரக்கு இருந்தால் நாளொன்றுக்கு 1.15 கிலோ. 400 மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில் 2,880 மாத்திரை! எந்த நேரத்திலும் வினைப்பட்டுக்கொண்டிருப்பது அந்த 8 மில்லிலிட்டர் மட்டுமே. ஏதேனும் தவறினால் பம்பை நிறுத்திவிடலாம். ஒற்றைக்கால் முக்காலி வேண்டியதில்லை. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சீனாவின் சியான் நகரில், மருந்துக்கான நைட்ரோகிளிசரினை இத்தகைய நுண்வழிகளில் செய்யும் ஆலையே அமைக்கப்பட்டது.

ஆனால் நுண்குழாய்க்கும் தனக்கே உரிய பிடிவாதங்கள் உண்டு. முதலாவது, கலத்தல். புதுவெள்ளம் கலங்கலாக வந்து தெளிந்த நீரோடு கூடுமிடத்தில், இரு நிறங்களும் சிறிது தூரம் தனித்தனியே ஓடுவதைப் பார்த்திருக்கலாம். ஆற்றில் சுழல்கள் விரைவில் அவற்றைக் கலந்துவிடும். நுண்குழாயில் சுழலே இல்லை. நம் குழாயின் ரெனால்ட்ஸ் எண் 85 அளவில்தான் வரும். அங்கே ஓட்டம் அடுக்கடுக்காகச் செல்லும் சீரோட்டம். இரு நீர்மங்களும் மூலக்கூறுகளின் தன்னியல்பான விரவலால்தான் கலக்க வேண்டும். விரவும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது: 1 மி.மீ. தூரத்துக்கு ஏறத்தாழ 1,000 விநாடி என்றால், 0.1 மி.மீ.க்கு 10 விநாடி. ஆகவே கூடுமிடத்தில் நீர்மங்களை மெல்லிய இழைகளாகப் பிரித்து, வளைத்து, மடித்து விடும் கலப்பான்கள் வைக்கிறார்கள். அப்படியானால் குழாயை இன்னும் மெல்லியதாக்கிவிடலாமே என்றால், புவாசேய் விதி குறுக்கே நிற்கிறது. அதே அளவு நீர்மம் செல்ல, விட்டத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் 16 மடங்கு வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அடைப்பு. மருந்துகள் பெரும்பாலும் திண்மங்கள். குழாய்க்குள்ளேயே படிகம் விழுந்துவிட்டால் வண்டல் மண்டிய கிளை வாய்க்கால் கதிதான். தூர்வாரலாம், ஆனால் ஆலை நிற்கும்.

மூன்று நிமிட இபுபுரோஃபென்

இபுபுரோஃபெனையும் குழாயில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் மெக்குவேட் குழுவினர் மூன்று வினைகளையும் இடையில் நிறுத்திப் பிரிக்காமல் ஒரே ஓட்டமாகச் செய்து காட்டினர். 2015-ல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்னெட், ஜேமிசன் இருவரும், தொடக்கப் பொருள் உள்ளே போய் இபுபுரோஃபெனாக வெளிவர 3 நிமிடமே பிடிக்கும் அமைப்பை உருவாக்கினர். மணிக்குச் சுமார் 8 கிராம், அதாவது 20 மாத்திரைக்கான சரக்கு. கலனில் வழக்கமாக மணிக்கணக்கில் நடப்பது இது.

இந்தச் செய்தியைப் படித்து வியக்கும்போது, பயன்படுத்திய பொருள்களையும் பார்க்க வேண்டும். முதல் வினைக்கு வேண்டியது அதே பழைய அலுமினியம் குளோரைடு. இரண்டாவதற்கு அயோடின் குளோரைடு. வேகம் வந்துவிட்டது, பிஷப் ஆலையின் சிக்கனம் வரவில்லை. வேகமும் சிக்கனமும் ஒருங்கே அமைந்த வழியைத் தேடுவோர் பலர். நம் நாட்டில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் தொடரோட்டக் கலன்களை வடிவமைப்பதில் ஈடுபட்டுள்ளது. மாத்திரை அடிக்கும் கடைசிக் கட்டத்தில் இம்முறை முன்னரே நுழைந்துவிட்டது. தூளைக் கலந்து, அழுத்தி, மாத்திரையாக்கும் வேலையை ஈடு ஈடாகச் செய்யாமல் தொடர்ச்சியாகச் செய்ய அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-ல் ஒரு மருந்துக்கு ஒப்புதல் தந்தது. தொடரோட்டத் தயாரிப்புக்கான பன்னாட்டு நெறிமுறைகள் 2022 நவம்பரில் ஏற்கப்பட்டன. ஈட்டு முறையில் ஒவ்வோர் ஈட்டுக்கும் ஓர் எண் உண்டு. கெட்டால் அந்த எண்ணைத் திரும்பப் பெறலாம். ஓடிக்கொண்டே இருக்கும் சரக்கில் எங்கிருந்து எங்குவரை ஓர் ஈடு என்பதையே முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் காலாப்பட்டின் கலன்களை எல்லாம் நாளை கழற்றிவிடலாமா? நம் குழாயையே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,000 டன் மருந்து வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 2,740 கிலோ. அதற்கு அப்படிப்பட்ட குழாய்கள் ஏறத்தாழ 2,400 வேண்டும். அத்தனை குழாய்களுக்கும் பம்பு, அளவி, கண்காணிப்பு. கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்கும் சரக்குக்கு இது கட்டுப்படியாகாது. சற்றுப் பருத்த குழாய்களும் வேறு அமைப்புகளும் வேண்டும். பெருமளவில் செய்யும் மலிவு மருந்துகள் இன்னும் சில காலம் பெருங்கலன்களில்தான் இருக்கும். அங்கே குளிர்நீருக்கு மாற்று ஏற்பாடும், ஆவியை வெளியேற்றும் வழியும், கலவை வெப்பத்தை முன்கூட்டியே கலோரிமானியில் அளந்து பார்க்கும் வழக்கமும்தான் உயிர் காக்கும்.

ஆண்டுக்கு 100 கிலோ மட்டுமே வேண்டியிருக்கும் மருந்தை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு. நம் ஒரே குழாய் 87 நாளில் அதை முடித்துவிடும். புற்றுநோய்க்கான புதிய மருந்துகள் பல இந்த அளவில்தான் தேவைப்படுகின்றன. உடலில் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும் இவற்றின் தூளைச் சுவாசிப்பதும் தொழிலாளருக்கு ஆபத்து. எலி லில்லி நிறுவனம் 2017-ல் வெளியிட்ட விவரப்படி, பிரெக்சசெர்ட்டிப் என்ற சோதனை மருந்தை அயர்லாந்தின் கின்சேலில் நாளொன்றுக்குச் சுமார் 3 கிலோ வீதம் 24 கிலோ செய்தனர். பெரிய கலன் எதுவும் இல்லை. பம்புகளும் குழாய்களும் சிறு கலன்களும், ஆய்வுக்கூடங்களில் நாம் காணும் கண்ணாடிக் கதவுப் புகைப்பெட்டிகளுக்குள்ளேயே அடங்கிவிட்டன.